படலில் இருந்த முடிச்சு

செவலையைக் கொன்றவன் என் அண்ணன். செவலைக்கு விஷம் வைத்ததாகச் சொல்லி ஒரு மனிதரை ஊரை விட்டுத் துரத்தியவனும் அவன்தான். முதலாவது ஞாபகப்பிசகு. அதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இரண்டாவது ஞாபகப்பிசகு இல்லை. அதற்கு அவன் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

செவலை எங்கள் ஏர்மாடு. அதன் ஜோடி மயிலை. ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல் நிறம். இரண்டும் அண்ணியின் அப்பா கொடுத்தவை. கொடுக்கும்போதே, "டவுன்ல உத்தியோகம் பாக்குறவருக்கு மாடு மேய்க்கத் தெரியுமா, பாக்கலாம்" என்று சொல்லிக் கொடுத்தார். அந்தப் பேச்சு அண்ணனுக்கு நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலம் விழுப்புரத்துக்கும் திருவாமாத்தூருக்கும் நடுவில், பம்பை ஆற்றுக்கு இந்தப் பக்கம். ஒரு கிணறு, கொஞ்சம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, கொஞ்சம் கேப்பை, வீட்டுக்குப் பின்னால் ஒரு சோளக்கொல்லை. அண்ணனுக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் சரக்குக் கொட்டகைக் குமாஸ்தா வேலை. சனிக்கிழமை மத்தியானம் வருவான், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போவான். வாரம் முழுக்க உடைந்தது, அறுந்தது, கிழிந்தது எல்லாம் அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். மற்ற நாளெல்லாம் பண்ணையம் என் தலையில். அண்ணி கைக்குழந்தைக்காரி. நான் புருஷன் செத்தபிறகு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். திண்டிவனத்தில் அத்தை வீட்டில் இருந்து அஞ்சாவது வரை படித்தேன். அந்தப் படிப்புதான் இப்போது இதை எழுதுகிறது.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம். ஆடியில் ஒரு மழை பெய்தது, அதோடு நின்றுவிட்டது. சோளம் முழங்கால் உயரத்தில் சுருண்டு நின்றது. மழையில்லாமல் வாடி நிற்கிற இளஞ்சோளத்தை மாடு தின்றால் செத்துப்போகும். எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர் கிடையாது. அதனால் கொல்லையைச் சுற்றி முள் அடைத்து, உள்ளே போகிற வழிக்கு மூங்கில் படல் ஒன்று வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தோம். அதைக் கட்டு, கட்டு என்று ஒவ்வொரு வாரமும் எனக்குச் சொல்லிவிட்டுப் போவான் அண்ணன். "படலு, பாப்பா, படலு" என்பான் வாசல் தாண்டும்போது. செவலை செத்த அந்தச் சனிக்கிழமை காலையிலும் போய்ப் பார்த்தேன். சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தது. நான் எப்போதும் போடுகிற சுருக்கு, ஒரு முனையை இழுத்தால் அவிழும்.

வெள்ளிக்கிழமை கவலை ஓட்டும்போது சாலின் வால் கிழிந்துவிட்டது. கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிறது. இரும்புச் சாலின் அடியில் நீளமாகத் தோல் வால் ஒன்று தைத்திருக்கும். சால் மேலே வந்ததும் அந்த வால் வழியாகத்தான் தண்ணீர் தொட்டியில் கொட்டும். வால் கிழிந்தால் பாதித் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே ஒழுகிவிடும். மல்லாட்டை பிஞ்சு பிடிக்கிற நேரம். மூன்று நாள் தண்ணீர் இல்லை என்றால் போச்சு. அதனால் தோல் தைக்கிறவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். சனிக்கிழமை விடிந்ததும் வந்துவிட்டார்.

அப்போது நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவருக்கு என் அப்பா வயது இருக்கும். இப்போது அவர் என்று எழுதுகிறேன். எழுதும்போதாவது எழுதுகிறேன்.

கிணற்று மேட்டுப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து தோலை நனைத்துப் போட்டார். எனக்குக் கையில் வேலை நிறைய. மாட்டுக்கொட்டகையில் ஓலை மாற்ற வேண்டும், அண்ணன் வந்து ஏறுவதற்குள் பழைய ஓலையை இழுத்துப் போட வேண்டும். அண்ணிக்கு முடியவில்லை, குழந்தை ஓயாமல் அழுதது. மாடுகள் தண்ணீருக்குக் கத்தின. நான் கொட்டகையிலிருந்தே குரல் கொடுத்தேன்.

"அந்தத் தொட்டியில தண்ணி மொண்டு ஊத்தி மாட்டுக்குக் காட்டு."

அவர் எழுந்திருக்கவில்லை. "நான் தொட்டித் தண்ணியத் தொடலாங்களா?"

"யாரும் பாக்கல. காட்டு."

காட்டினார். பிறகு நானே இரண்டு மாட்டையும் அவிழ்த்து வீட்டுக்குப் பின்னால் தரிசில் மேய விட்டேன். படல் கட்டியிருக்கிறதே என்ற தைரியம்.

உச்சிப்பொழுதுக்கு அண்ணன் வந்தான். தலையில் ஒரு மூட்டை. கவலைக்குப் புது வடக்கயிறு, ஆணி, உருளைக்குப் போட ஒரு டப்பா கிரீஸ், குழந்தைக்குச் சட்டை எல்லாம் ஒரே கோணிக்குள். அவன் முடிச்சு அவிழவே அவிழாது. சரக்குக் கொட்டகையில் கற்றுக்கொண்ட முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி முனையை அடியில் விட்டு மேலே எடுத்து இறுக்குவான். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. அன்றும் நான் நகம் போகிற மாதிரி பிடுங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அரிவாளை எடுத்தேன்.

"அறுக்காத, அறுக்காத" என்றான். "கயிறு வீணாப் போவுது. அஸ்ஸாம் வரைக்கும் போய் வர்ற மூட்டைக்குப் போடுற முடிச்சு இது."

அண்ணி உள்ளேயிருந்து சொன்னாள். "அஸ்ஸாமுக்குப் போற மூட்டைக்கு அதப் போடுங்க. கொழந்தை சட்டைக்கு என்னாத்துக்கு?"

அண்ணன் சிரித்தான். கூழ் குடிக்க உட்கார்ந்தான். அந்த வாரத்தில் அந்த வீட்டில் யாராவது சிரித்தது அதோடு சரி.

அவன் பாதிக் கூழ் குடிப்பதற்குள் கிணற்று மேட்டிலிருந்து தோல் தைக்கிறவர் கத்தினார். "அம்மா, செவலை விழுந்துகினு இருக்குது, ஓடியாங்க."

ஓடினேன். செவலை தொட்டிக்குப் பக்கத்தில் கால் பரப்பி நின்று ஆடிக்கொண்டிருந்தது. வாயில் நுரை. மூச்சு இழுத்த இழுப்பில் விலா உள்ளே போய் வெளியே வந்தது. கண்ணுக்குள் ரத்தச் சிவப்பு. நான் கொம்பைப் பிடித்தேன். பிடித்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. வெல்லம் கரைத்துக் கொண்டுவா என்று அண்ணியிடம் கத்தினேன். மோரும் கொண்டுவா என்றேன். அண்ணி குழந்தையைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள்.

எல்லோரும் செவலையிடம் ஓடி வந்தோம். அண்ணன் மட்டும் வீட்டுக்குப் பின்னால் ஓடினான். மயிலையைப் பார்க்க ஓடுகிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மயிலையை ஓட்டிக்கொண்டு வந்தான். அதுவும் நடுங்கிக்கொண்டு வந்தது. அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

மூங்கில் குழாயில் வெல்லத்தண்ணீர் ஊற்றினோம். செவலைக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நாலு காலையும் உதறி, கழுத்தை முறுக்கி, அப்படியே அடங்கிப்போனது. மயிலைக்கு இறங்கியது. அது நின்றது, ஆனால் தலையைத் தரைக்குத் தொங்கவிட்டு நின்றது.

"படல் தொறந்து இருந்திச்சா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"கட்டித்தான் இருக்குது. போய்ப் பாரு" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் சோளம் என்ற பேச்சு செத்தது, யாரும் போய் எட்டிப் பார்க்கவில்லை. படல் கட்டியிருக்கிறது, மாடு கொல்லைக்குள் போகவில்லை, அப்புறம் எப்படிச் செத்தது? ஊர் கூடிவிட்டது. கூடினவர்களில் யாரோ புங்கமரத்தடியைப் பார்த்தார். மாடு செத்தால் தோல் யாருக்குப் போகும் என்று ஒருவர் கேட்டார். பிறகு எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். இப்படித்தான் நடந்தது. இதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது.

"காலையில அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டினதை நான் பாத்தேனே" என்றாள் அண்ணி. கெட்ட மனசில் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

"தொட்டியத் தொட்டியா?" என்று நாட்டாண்மைக்காரர் கேட்டார். "யாரு தொடச் சொன்னது?"

தோல் தைக்கிறவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அவர் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சொல்லியிருக்க மாட்டேன். தாலியறுத்தவள், அண்ணன் சோற்றைத் தின்கிறவள், தொட்டியைத் தீட்டாக்கினாள் என்று பேர் வரும் என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

"மாடு கத்திச்சிங்க, காட்டினேன்" என்றார் அவர். அவ்வளவுதான்.

நாட்டாண்மைக்காரர் தீர்ப்புச் சொன்னார். "மயிலை பொழைக்குதா பாக்கலாம். அசை போட்டுதுன்னா இவன் போகட்டும். அதுவும் விழுந்துதுன்னா விழுப்புரத்துக்கு ஆள் அனுப்பி போலீஸைக் கூப்புடு. அதுவரைக்கும் எங்கயும் நகரக் கூடாது."

அண்ணன் முன்னால் வந்தான். "செவலையத் தோலோட பொதைங்க. உரிக்க வேணாம்."

ஊரே தலையாட்டியது. விஷம் வைத்தவனுக்குத் தோல் கிடைக்கக் கூடாது, சரியான பேச்சு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இருட்டுவதற்குள் குழி வெட்டிப் புதைத்தார்கள். உரித்திருந்தால் வயிற்றைக் கிழித்திருப்பார்கள். கிழித்திருந்தால் உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

இரவு யாரும் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

மாடு அசை போடுகிறதா என்று பார்ப்பது லேசான வேலை மாதிரித் தெரியும். பார்த்துப் பாருங்கள். நான் சாணி அள்ளிக்கொண்டு போகும்போது பார்த்தேன், கொட்டிவிட்டு வரும்போது பார்த்தேன். காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. மூக்கு காய்ந்து கிடந்தது. வைக்கோல் போட்டேன், மோந்து பார்க்கவில்லை. கேப்பைக் கூழில் வெல்லம் போட்டுக் கையில் எடுத்து உதட்டில் தடவினேன். நக்கவில்லை, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அது எப்போதும் வலப்பக்கம் பூட்டுகிற மாடு. கொட்டகையிலும் வலப்பக்கம் ஒதுங்கியே நின்றது, இடப்பக்கம் செவலைக்கு இடம் விட்டு. ஆட்டுக்குட்டி ஒன்று அந்தக் காலி இடத்தில் போய்ப் படுத்தது. மயிலை அதைப் பார்த்து ஒரு தரம் தலையை ஆட்டியது. அவ்வளவுதான் அசைவு. ஒரு மைனா அதன் முதுகில் உட்கார்ந்து உண்ணி கொத்தியது. வாலால்கூட ஓட்டவில்லை. மைனாவை நானே ஓட்டினேன்.

அண்ணன் கொட்டகை மேல் ஏறி ஓலை கட்டினான். அவன் கட்டக் கட்ட ஓலைத் தூசு மயிலை மேல் விழுந்தது. நான் கீழேயிருந்து துடைத்தேன்.

"பாத்துக்கினே இருந்தா அசை போடாது" என்றான் மேலேயிருந்து. "போய் வேலையப் பாரு. எனக்கே பேஜாரா இருக்குது."

புங்கமரத்தடியில் அவர் தைத்துக்கொண்டிருந்தார். யாரும் தைக்கச் சொல்லவில்லை. பாதியில் விட்டால் தோல் காய்ந்து விறைத்துவிடும் என்று தைத்தார். தோல் வாரை உள்ளே விட்டு இழுப்பார், இழுத்துவிட்டுக் கொட்டகையைப் பார்ப்பார். மறுபடியும் உள்ளே விடுவார். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு பார்வை. அவர் சம்சாரம் கூழ்ப்பானையோடு வரப்பில் வந்து நின்றாள். பக்கத்தில் போகவிடாமல் காவலுக்கு ஒரு ஆள் நின்றான். அவள் அங்கிருந்தே கேட்டாள்.

"சாப்ட்டியா?"

"மாடு இன்னும் சாப்புடல" என்றார்.

"மாடு சாப்புட்டாத்தான் நீயும் சாப்புடுவியா? என்னமோ ரெண்டு பேரும் சம்பந்தி மாதிரி."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. தலை குனிந்திருந்தது. காவல் நின்றவன்தான் சிரித்தான். அவள் பானையை வரப்பிலேயே வைத்துவிட்டு அங்கேயே வெயிலில் உட்கார்ந்தாள். போகவில்லை.

கொட்டகைக்குக் கட்ட நார் தீர்ந்துபோனது. பின்னால் பனைமட்டை இருக்கிறது, கொண்டுவா என்றான் அண்ணன். போனேன். வழியில் படல். கட்டித்தான் இருந்தது. நான் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். பத்து அடி போனபிறகு நின்றேன். திரும்பி வந்தேன்.

அது என் சுருக்கு இல்லை. இரண்டு சுற்று. முனை அடியில் போய் மேலே வந்து இறுகியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், அவிழவில்லை. நகம் போட்டேன், அவிழவில்லை. அஸ்ஸாம் வரைக்கும் போய் வருகிற முடிச்சு.

படலின் மேலே எட்டிப் பார்த்தேன். உள்ளே முதல் மூன்று வரிசைச் சோளம் மொட்டையாக நின்றது. குளம்புத் தடம் உள்ளே போயிருந்தது, சுற்றியிருந்தது, வெளியே வந்திருந்தது.

  எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. ஸ்டேஷனிலிருந்து குறுக்கு வழியாக வந்திருக்கிறான். அந்த வழி முள்வேலியில் ஆள் மட்டும் நுழைகிற சந்தில் சோளக்கொல்லைக்குள் புகுந்து இந்தப் படல் வழியாகத்தான் வீட்டுக்கு வரும். தலையில் மூட்டை, ஒரு கை மூட்டையில். மற்றக் கையால் சுருக்கை இழுத்துப் படலைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். திரும்பிக் கட்டவில்லை. மாடு விழுந்தது என்றதும் ஞாபகம் வந்திருக்கிறது. அதனால்தான் பின்னால் ஓடினான். மயிலையை வெளியே ஓட்டி, படலை இழுத்து, அவன் கைக்குப் பழகின முடிச்சைப் போட்டுவிட்டான். பதற்றத்தில் கை அதைத்தான் போடும்.

மட்டையை எடுக்காமல் திரும்பினேன். ஏணிக்குக் கீழே நின்றேன்.

"அண்ணா, படலை யாரு கட்டினது?"

மேலே கத்தி வெட்டுகிற சத்தம் நின்றது. "நீதான் கட்டியிருப்ப."

"நான் சுருக்குப் போடுவேன்."

அவன் இறங்கி வந்தான். மெதுவாகப் பேசினான். என் அண்ணன் கத்தினால் எனக்குப் பயம் கிடையாது. மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"இதப் பாரு பாப்பா. மாமனார் கொடுத்த மாடு. நான் படலை மறந்துட்டுப் போனேன்னு சொன்னா அந்த ஆளு செத்தாலும் விடமாட்டாரு. மயிலை அசை போட்டுடும். அவன் வீட்டுக்குப் போயிடுவான். யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. அப்புறம் எதுக்கு?"

"அசை போடலைன்னா?"

அதற்கு அவன் வேறு சொன்னான். "தொட்டியத் தொடச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியாதா? தன்னால தொடமாட்டான் அவன். அதையும் ஊர்ல சொல்லலாமா?"

நான் மட்டை எடுக்கப் போனேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. மட்டை எடுக்கப் போனேன், கொண்டுவந்து கொடுத்தேன், அவன் ஏறிக் கட்டினான். அதற்குப் பிறகு நான் மயிலையைப் பார்த்தது வேறு மாதிரிப் பார்த்தது. அசை போடு, அசை போடு என்று கெஞ்சினேன். அது அசை போட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. என் வாய்க்குப் பதிலாக அதன் வாய் அசைந்தால் போதும் என்று இருந்தது. நான் அன்று கும்பிட்டது சாமியை இல்லை, மாட்டின் தாடையை.

வெயில் தலைக்கு மேல் வந்தபோது புங்கமரத்தடியிலிருந்து குரல் வந்தது. சத்தமாக இல்லை.

"அம்மா. தாடையப் பாருங்க."

மயிலையின் கழுத்தில் ஒரு உருண்டை மேலே ஏறியது. தாடை இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. நின்றது.  மறுபடியும் போனது. அப்புறம் நிற்கவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் எழுந்து பானையைத் தூக்கிக்கொண்டாள். அவர் கடைசித் தையலை இழுத்து வாரை அறுத்தார். சாலை எடுத்து நிறுத்தி, வாலுக்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"போறேங்க" என்றார்.

போயிருப்பார். அதற்குள் நாட்டாண்மைக்காரர் ஆட்களோடு வந்துவிட்டார். மாடு அசை போடுகிறது என்று காட்டினேன். முன்னால் நின்ற ஒருவர் சொன்னார், "அப்ப ஒரு மாட்டுக்கு மட்டும் வச்சிருக்கான்." நேற்று போட்ட விதியை இன்று யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அவர் இடுப்புப் பையைப் பிடுங்கிக் கொட்டினார்கள். ஊசி, வார், ஒரு பொட்டணம்.

"என்னாடா இது?"

"கடுக்காத்தூளுங்க. தோலுக்குப் போடுறது."

"விஷத்துக்குக் கடுக்கான்னு பேரு வச்சிருக்கான்."

அவர் குனிந்து பொட்டணத்தை எடுத்தார். பிரித்தார். அப்படியே வாயில் கொட்டிக்கொண்டார். ஒரு பிடி தூள். கடுக்காய் எப்படித் துவர்க்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முகம் கோணவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. மென்று விழுங்கிவிட்டு நின்றார்.  கொஞ்ச நேரம் அவர் விழுவாரா என்று பார்த்தார்கள். நேற்றெல்லாம் மாட்டைப் பார்த்த மாதிரியே பார்த்தார்கள்.

அவர் விழாததால் வேறு வழி தேடினார்கள். திருவாமாத்தூர் கோயிலுக்குள் இருக்கிற வட்டப்பாறையில் சத்தியம் பண்ணட்டும் என்றார் நாட்டாண்மைக்காரர். அந்தப் பாறை முன்னால் பொய் சொன்னவன் உருப்பட மாட்டான் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரப்புத் தகராறு, பாகத் தகராறு எல்லாம் அங்கேதான் போகும். இரண்டு பேரும் சத்தியம் பண்ண வேண்டும் என்று முடிவானது. மாட்டுக்காரனும், பழி விழுந்தவரும்.

அந்த மூன்றாம் மணி வெயிலில் எல்லோரும் நடந்தோம். அண்ணன் குளத்தில் முழுகி ஈர வேட்டியோடு உள்ளே போனான். நானும் அண்ணியும் பின்னால் போனோம். தோல் தைக்கிறவர் வீதி முனையிலேயே நின்றுவிட்டார். அந்தக் காலத்தில் எந்தக் கோயில் வாசலையும் அவர் தாண்ட முடியாது. கூட்டிக்கொண்டு போன அத்தனை பேருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் சத்தியத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அண்ணன் பாறை முன்னால் நின்று சொன்னதை நான் இரண்டு அடி தூரத்திலிருந்து கேட்டேன். ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"என் கையால அந்த மாட்டுக்கு நான் விஷம் வைக்கல. யாரு வச்சாங்கன்னு என் கண்ணால பாக்கல."

அத்தனையும் நிஜம். கை வைக்கவில்லை, கண் பார்க்கவில்லை. வழியெல்லாம் இந்த வார்த்தையைக் கோர்த்துக்கொண்டு நடந்திருக்கிறான். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தான்.

வீதி முனையில் நாட்டாண்மைக்காரர் கேட்டார். "அவரு பண்ணிட்டாரு. நீ என்னா சொல்ற?"

"உள்ள விட்டா வந்து பண்றேங்க" என்றார் அவர்.

 பிறகு யாரோ சொன்னார்கள், "அவரு பண்ணினாரு. இவன் பண்ணல. அவ்ளோதான்." அதுவே தீர்ப்பாகிவிட்டது. அண்ணன் அங்கிருந்தே விழுப்புரத்துக்கு நடந்தான். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டுமே.

ஊரில் அவருக்கு ஒருவரும் தோல் கொடுக்கவில்லை, களத்தில் ஒரு படி தானியம் போடவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் குடும்பத்தோடு போய்விட்டார். எந்த ஊருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

வேறு மாடு வாங்கி மயிலையோடு பூட்டினோம். அவர் தைத்த வாலில்தான் இறைத்தோம். யுத்தம் பாதி ஆகிறவரை அது ஒழுகவில்லை. தண்ணீர் தொட்டியில் விழும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. மல்லாட்டை நன்றாக விளைந்தது.

அப்புறம் நான் அண்ணன் வீட்டில் இருக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு பெண் பிள்ளைகள் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தேன். என் சோறு என் கையில். போன வருஷம் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "அம்மா, சௌக்கியங்களா?" என்று கேட்டது. அதே தோல் தைக்கிறவர், செருப்புத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. சம்சாரம் தவறிவிட்டாள் என்றார்.  அடுத்து அவரே கேட்டார்.

"அந்தச் சாலு ஒழுகிச்சிங்களா?"

"இல்லிங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தரம் அவரிடம் ங்க போட்டேன்.

தலையாட்டினார். அங்கேயே, சந்தை நடுவில், படல் முடிச்சைப் பற்றிச் சொன்னேன். தொட்டியைப் பற்றி நான் வாய் திறக்காததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே தைத்தார். ஆச்சரியப்படவில்லை.

"தெரியுங்க. விழுந்த மாட்டு வாயில சோளத் தழை இருந்திச்சி. நான் சொன்னா யாரு கேட்டிருப்பாங்க?"

இப்போதுதான் எல்லாக் கோயிலும் எல்லோருக்கும் திறந்துவிட்டதே, பாறைக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"நான் எதுக்குங்க வரணும்? நான்தான் ஒண்ணும் பண்ணலையே. வரவேண்டியவரு வேற" என்றார். செருப்பைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் தைக்க ஆரம்பித்தார்.

அவர் சொன்னது சரி. அதனால்தான் இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அண்ணா, நீ தினமும் பேப்பர் படிக்கிறவன். இதையும் படிப்பாய். உன் மாமனார் செத்து நாலு வருஷம் ஆகிறது. பயப்பட இனி ஆள் இல்லை. வருகிற தை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, உச்சிகாலப் பூசை முடிந்ததும், திருவாமாத்தூர் வட்டப்பாறைக்கு வா. ஊரைக் கூட்டி வைக்கிறேன். நாட்டாண்மைக்காரரும் உயிரோடுதான் இருக்கிறார். தொட்டியில் தண்ணீர் காட்டச் சொன்னது நான்தான் என்று முதலில் நான் சொல்கிறேன். பிறகு நீ சொல். கை வைக்கவில்லை, கண் பார்க்கவில்லை என்ற கோர்வை வேண்டாம். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சோளக்கொல்லைப் படலைத் திறந்து போட்டது யார்? அப்புறம் ஓடிப்போய் அந்த முடிச்சைப் போட்டது யார்? அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்.